ஹபீப் முகம்மதின் வலது நுரையீரல்

முத்துப்பேட்டையில் ஓர் ஆளுக்கு இரண்டு தடவை பெயர் வைப்பார்கள். பிறந்த ஏழாம் நாள் பெற்றவர்கள் வைப்பது ஒன்று; அது பாஸ்போர்ட்டுக்கு ஆகும். ஆளைப் பார்த்து ஊர் வைப்பது இன்னொன்று. அதுதான் கபர்ஸ்தான் வரைக்கும் கூட வரும். முதன்முதலாகக் கப்பலேறி, வழியெல்லாம் வாந்தியெடுத்த ஒரு மனிதரின் வம்சத்துக்கே இன்றுவரை 'வாந்தியா வீடு' என்றுதான் பெயர். அந்த வீட்டில் இப்போது ஓர் இருதய டாக்டர் இருக்கிறார், அவரும் வாந்தியா வீட்டு டாக்டர்தான். ஊருக்கு இரக்கமே கிடையாது. ஹபீப் முகம்மதுக்கு அது வைத்த பெயர் 'அன்ஃபிட்டு'.

பெயர் வந்தது தொண்ணூற்று மூன்றில். அப்போது ஹபீபுக்கு முப்பத்து நான்கு வயது. ரசியா பேகத்தைக் கட்டி நான்கு வருஷம், கையில் நிலோஃபர் என்று ஒரு பெண் குழந்தை. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவதை அந்தப் பக்கத்தில் 'சபுர்' என்பார்கள். சபுருக்குப் போகாத ஆம்பளைக்கு அந்தத் தெருவில் மரியாதை மட்டுதான். பெண் கொடுக்க யோசிப்பார்கள், பேச்சில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ரசியாவின் அண்ணன் ஜித்தாவிலிருந்து ஸ்டோர் கீப்பர் வேலைக்கு விசா எடுத்து அனுப்பியதும் ஹபீபுக்குத் தலைகால் புரியவில்லை. அவசரக்காரர் ஒரு காரியம் செய்தார். மெட்ராசில் விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனை முடிவதற்கு முன்பே துஆ ஓதி, நெய்ச்சோறு ஆக்கி, தெருவையே கூப்பிட்டுப் பயண விருந்து வைத்துவிட்டார். தின்றவர்களெல்லாம் முசாபஹா செய்து கை கொடுத்து, "போயிட்டு வாங்க காக்கா, எங்களையும் நெனச்சுக்கங்க" என்று அண்ணன் முறை சொல்லி வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

மெட்ராசில் ஒரு ஹாலில் அறுபது பேரைச் சட்டையைக் கழற்றி நிற்க வைத்து, மணிக்கட்டில் ஸ்கெட்ச் பேனாவால் நம்பர் எழுதினார்கள். ஹபீபின் நம்பர் நாற்பத்தொன்று. எக்ஸ்ரே தகட்டில் நெஞ்சை ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து நின்றார். மறுநாள் காகிதம் வந்தது. நாற்பத்தொன்றாம் நம்பருக்கு நேராக இங்கிலீஷில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: அன்ஃபிட். வலது நுரையீரலின் மேல்பகுதியில் தழும்பாம்.

அவர் நம்பவில்லை. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவர் இல்லை. கோரையாற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துகிற ஆள். ஊருக்குத் திரும்பாமல் அப்படியே ரயிலேறி பம்பாய்க்குப் போய், அங்கே வேறொரு சென்டரில் நெஞ்சைக் காட்டினார். அங்கேயும் அதே வார்த்தை. விருந்து தின்ற ஊருக்குப் பெட்டியோடு திரும்பி வந்தார். பஸ் ஸ்டாண்டில் எவனோ ஒரு வாயாடி, "என்ன காக்கா, அதுக்குள்ள லீவுல வந்துட்டீங்களா?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாரம் முடிவதற்குள் பெயர் நிலைத்துவிட்டது.

ரசியாதான் அவரைத் தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். தியாகேசன் என்று நெஞ்சுநோய் பார்க்கிற ஒரு டாக்டர். பொறுமைசாலி. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சின்ன வயசுல வீட்டுல யாராச்சும் ரொம்ப நாள் இருமிகிட்டு இருந்தாங்களா, பாய்?"

ஹபீப் யோசித்தார். அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது ரங்கூனிலிருந்து எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்த ஒரு சாச்சா அவர்கள் வீட்டில் எட்டு மாதம் இருந்தார். இருமியே மெலிந்து, இருமியே மௌத்தானார். சாச்சாவின் மடியில் உட்கார்ந்து ஹபீப் கதை கேட்டிருக்கிறார்.

"அதான்" என்றார் டாக்டர். "டி.பி. கிருமி அன்னைக்கே உங்க நெஞ்சுக்குள்ள வந்துருச்சு. ரத்தத்துல வெள்ளை அணுன்னு கேள்விப்பட்டிருப்பீங்கல்ல? அதுல பல ஜாதி இருக்கு. எல்லாம் ஓடிவந்து கிருமியை வளைச்சு நின்னு, ஒண்ணோடொண்ணு ஒட்டிகிட்டு, சுத்திச் சுவரா கட்டிருச்சு. மேல சுண்ணாம்பு வேற பூசி வச்சிருக்கு. அந்தச் சுவருதான் இந்த வெள்ளைப் புள்ளி. உங்களுக்கு நோவு இல்ல. நோவு வராம உங்க உடம்பு தடுத்ததுக்கு அடையாளம் இது. ஜெயிச்ச உடம்பு பாய், உங்களுது."

ஹபீபுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் அவரைப் பார்த்து ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. டாக்டர் அத்தோடு நிறுத்தவில்லை. "ஆனா ஒண்ணு. உள்ள இருக்கிற கிருமி செத்துருச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அது தூங்கும். காவலுக்கு நிக்கிற அணுவுக்கும் வயசாகும்ல? பின்னால வயசானா, சர்க்கரை கிர்க்கரை வந்தா, இருமல் ரெண்டு வாரம் தாண்டுச்சுன்னா, உடனே வந்து காட்டணும்."

இந்த இரண்டாவது பாதி ஹபீபின் காதில் விழுந்ததா என்றால், விழுந்தது. மனதில் நிற்கவில்லை. மனிதன் தனக்கு வேண்டியதைத்தானே எடுத்துக்கொள்கிறான். ஜெயிச்ச உடம்பு என்பதை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அடுத்த இருபது வருஷம், யார் வாயைத் திறந்தாலும் அதைத்தான் எடுத்து நீட்டினார். "எனக்கு ஒரு கேடும் இல்லப்பா. சீக்கு வந்து தோத்துப்போன தடம்னு அந்த எக்ஸ்ரேக்கார மடப்பய நெனச்சுட்டான். அது ஜெயிச்ச தடம்" என்பார். கேட்டவன் தலையை ஆட்டிவிட்டு, நாலடி தள்ளிப் போய்ச் சிரிப்பான்.

பிழைப்புக்கு பஸ் ஸ்டாண்ட் எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்தார். அப்போதுதான் தெருவுக்குத் தெரு அந்த மஞ்சள் போர்டு முளைத்துக்கொண்டிருந்தது. 'நிலோஃபர் எஸ்.டி.டி.' என்று எழுதி வைத்தார். 'அன்ஃபிட்டு பூத்து' என்றுதான் எல்லோரும் வந்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பெண்கள் ரியாத்துக்கும் துபாய்க்கும் பேசி அழுவார்கள். வெளியே இவர் காதில் விழாதமாதிரி உட்கார்ந்திருப்பார். பிறகு செல்போன் வந்து பூத்தைத் தின்றுவிட்டது. ஜெராக்ஸ் மெஷின் போட்டார், கம்ப்யூட்டர் வாங்கினார், பாஸ்போர்ட்டு, விசா ஃபாரமெல்லாம் நிரப்பிக் கொடுத்தார். சபுருக்குப் போக முடியாதவர் கையெழுத்தில்தான் அந்த ஊரில் பாதிப்பேர் சபுருக்குப் போனார்கள். இதற்கு மேல் ஒரு வயிற்றெரிச்சல் வேண்டுமா?

மெடிக்கலுக்குப் போகிற பையன்களுக்கு அவர் யோசனை சொல்லாமல் விடமாட்டார். முதல்நாள் நல்லாத் தூங்கு, தண்ணி நிறையக் குடி, எக்ஸ்ரேக்குத் தாயத்தைக் கழற்றிவிடு, மூச்சை நெஞ்சு முட்ட இழுத்துப் பிடி. "நெஞ்சு விரிஞ்சாத்தான்டா படம் தெளிவா விழும்" என்பார், தனக்குத் தெளிவாக விழுந்த படம்தான் தன்னைக் கவிழ்த்தது என்பதை மறந்துவிட்டு. அவர் அனுப்பிய பையன்களெல்லாம் ஃபிட். திரும்பி வரும்போது அவருக்கு ஆளுக்கொரு செண்டு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நிலோஃபருக்கு மாப்பிள்ளை தேடியபோது மூன்று இடம் தட்டிப்போயிற்று. "வாப்பாவுக்கு நெஞ்சுல ஏதோன்னு சொன்னாங்களே" என்று இழுத்துவிட்டுப் போனார்கள். நான்காவதாக, தம்மாமில் வேலை பார்க்கிற ஒரு நல்ல பையன், ஊர்ப்பேச்சைக் கேட்காதவன், கட்டிக்கொண்டான். கல்யாணம் நல்லபடியாக முடிந்தாலும், தள்ளிப்போன அந்த மூன்று இடத்தையும் ஹபீப் மறக்கவில்லை. அவர் எண்ணமெல்லாம் மகன்மேல் போயிற்று. தொண்ணூற்று நான்கில் பிறந்தவன் சுஹைப். பள்ளிக்கூடத்திலேயே அவனுக்கு 'அன்ஃபிட்டு மவன்' என்று பெயர். பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடக் கற்றுக்கொண்டான். அப்பனைப்போல வாய் கிடையாது, அமைதியானவன், வேலைக்காரன். அவன் விமானத்தில் ஏறிவிட்டால் இந்தப் பெயர் செத்துப்போகும் என்று ஹபீப் நம்பினார். வேறொன்றும் அவர் அல்லாவிடம் கேட்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினேழில் அது கைக்கெட்டியது. தோஹாவில் ஒரு கம்பெனி சுஹைபை வீடியோவில் பேட்டி எடுத்துத் தேர்ந்தெடுத்தது. விசா வர நான்கைந்து மாதம் ஆகும், வந்ததும் மெடிக்கல் என்றார்கள். ஹபீபுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. சர்க்கரை வந்து ஆறு வருஷம். மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் இல்லை. அந்தக் கோடையில்தான் இருமல் ஆரம்பித்தது.

முதலில் ஜெராக்ஸ் தூள் என்றார். பிறகு, செண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மெடிக்கல் கடையில் டானிக் வாங்கிக் குடித்தார். இருமல் போகவில்லை. சாயங்காலமானால் உடம்பு கணகணத்தது, சட்டை தொளதொளத்தது.

மருமகன் தம்மாமிலிருந்து பணம் அனுப்பி, முன்னறையில் ஏசி மாட்டச் சொல்லியிருந்தான். ஜன்னலையெல்லாம் அடைத்து, கதவிடுக்கில் பழைய துணியைத் திணித்து, வாப்பாவும் மகனும் அதில்தான் படுப்பார்கள். ரசியாவுக்கு ஏசிக் காற்று முழங்காலைக் குடையும், அவள் உள்ளே ஃபேனுக்கடியில் படுத்துக்கொள்வாள். சுஹைப் படுத்துக்கொண்டே போனில் தோஹாவின் தெருக்களைக் காட்டுவான். "பாருங்க வாப்பா, இதான் எங்க ஆபீஸ்." இவர் அவன் தோளோடு தோள் ஒட்டிப் படுத்து எட்டிப் பார்ப்பார். இருமுவார். பார்ப்பார். தன் வாழ்க்கையிலேயே அவர் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்றால் அவைதான்.

ஒருநாள் ரசியா பிடித்துக்கொண்டாள். கொல்லையில் துணி அலக்குகிற கல்லின்மேல் ஈரக் கைக்குட்டை கிடந்தது.

"இதை நீங்களா கசக்குனீங்க?"

"ஆமா. ஏன், நான் கசக்கக் கூடாதா?"

"இருபத்தெட்டு வருஷமா ஒரு பனியனை நனைச்சது இல்ல நீங்க. இப்ப என்ன திடீர்னு கைக்குட்டை?"

"வெத்தலைக் கறைடி."

"நீங்க எப்பங்க வெத்தலை போட்டீங்க?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரிக்குப் போவோம்ங்க. திருவாரூருக்குப் போனா ஒரு நாள்ல சளியைப் பாத்துச் சொல்லிருவாங்க. எனக்கு பயமா இருக்கு."

"உனக்குப் புத்தி இருக்கா?" என்று சீறினார் ஹபீப். "சளியைக் குடுத்தா பேரு ரிஜிஸ்தர்ல ஏறும். வாராவாரம் வீட்டு வாசல்ல நர்சு வந்து நிப்பா. தெரு பூரா தெரியும். இன்னைக்கு நான் டி.பி.ன்னா, நாளைக்கு என் புள்ளைய எவன் கூட்டிட்டுப் போவான்? நிலோஃபருக்கு மூணு இடம் போச்சே, மறந்துட்டியா? அவன் ஏறட்டும். ஏறுன மறுநாள் நானே போறேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

"அதுக்குள்ள உங்களுக்கு எதுவும்..."

"எனக்கு ஒண்ணும் ஆவாது. அதை ஒரு தடவை ஜெயிச்சவன்டி நான்."

ரசியா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவளும் சொல்லவில்லை. மகனிடம் சொன்னால் அவன் பயணத்தை விட்டுவிட்டு வாப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஓடட்டுமே என்று ஒரு மனம் சொன்னது, இன்னும் கொஞ்ச நாள்தானே என்று இன்னொரு மனம் சொன்னது. பாவி மனம், அதுதான் ஜெயித்தது.

ஹபீப் கோழையென்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அப்படிச் சொன்னால் பாதிதான் உண்மை. அவருக்கு ஆஸ்பத்திரி பயமில்லை, சாவு பயமில்லை. இருபத்து நான்கு வருஷம் ஊரோடு மல்லுக்கட்டி நின்ற ஒரே வாதம் பொய்யாகிவிடுமே என்ற பயம். அந்த எக்ஸ்ரேக்காரன் சொன்னது சரி, நான்தான் தப்பு என்று ஒப்புக்கொள்ள அவரால் முடியவில்லை.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. வெள்ளை அணுக்களில் ஒரு வகை அங்கே போய்த்தான் ஆளாகி வெளியே வரும். எது நம் உடம்பு, எது வெளியாள் என்று அங்கேதான் படிக்கும். பிள்ளைப் பருவத்தில் அது ஓயாமல் வேலை செய்யும். வயது ஏற ஏறச் சுருங்கி, அறுபதை நெருங்கும்போது பெரும்பகுதி வெறும் கொழுப்பாகிவிடும். புதிய ஆள் வரத்து குறைந்துபோகும். இருக்கிற பழைய ஆட்களை வைத்தே காவலை ஓட்டவேண்டும். அதிலும் சிலது ஓய்ந்துபோய் எதிரி வந்தாலும் எழுந்திருக்காது. சிலது எதிரியே இல்லாத இடத்தில் எரிச்சலைக் கிளப்பிக்கொண்டு திரியும். சர்க்கரையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

முத்துப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவும் தேவையில்லை. தெருவில் ஒரு மையத்து விழுந்தால் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கத் தோள் கிடைக்காத காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். வாலிபன் பூராவும் சபுரில் இருந்தான். ஊரில் இருந்ததெல்லாம் மூட்டு வலிக்காரர்கள். ஹபீபின் வலது நுரையீரலிலும் அதுதான் நடந்தது. ஆறு வயதுப் பிள்ளையின் உடம்பு கட்டிய சுவர் ஐம்பத்திரண்டு வருஷம் நின்றது. அதைக் காத்தவை ஓய்ந்துபோனதும் உள்ளேயிருந்து கரைந்தது. தூங்கியது எழுந்து, மூச்சுக்குழாய் வழியாக, ஒவ்வொரு இருமலோடும் அந்த அடைத்த அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

ஐப்பசியில் விசா வந்தது. சுஹைப் மெடிக்கலுக்குத் திருச்சிக்குப் புறப்பட்டான். ஹபீப் இந்தத் தடவை விருந்து வைக்கவில்லை, புத்தி வந்திருந்தது. மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிடா" என்றார். அவனுக்குப் பத்து நாளாக லேசான காய்ச்சல். பயணப் பதற்றம் என்று அவனும் நினைத்தான், அவரும் நினைத்தார். நினைத்தார் என்றுதான் அவர் பிறகு சொன்னார்.

இப்போதெல்லாம் முடிவு காகிதத்தில் வருவதில்லை. பாஸ்போர்ட் நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்தால் வந்துவிடும். அந்த ஊரில் அதை அடித்துப் பார்த்துச் சொல்வதே ஹபீபுடைய கடைதான். மூன்றாம் நாள் காலை கடையில் நான்கைந்து பேர் ஆதாருக்கும் பான் கார்டுக்கும் நின்றுகொண்டிருந்தார்கள். இராஜாங்கம் என்று, பக்கத்து உரக்கடைக்காரர், எப்போதும் வம்பிழுக்கிறவர், "என்ன பாய், மவன் ரிசல்ட் வந்துருச்சா? பூந்தி எங்க?" என்றார்.

"இந்தா, இப்பப் பாத்துருவோம்" என்று சொல்லிக்கொண்டே ஹபீப் நம்பரைத் தட்டினார். மகனுடைய பாஸ்போர்ட் நம்பர் அவருக்கு மனப்பாடம். திரையில் சுஹைபின் படம் வந்தது, பெயர் வந்தது, அதற்குக் கீழே சிவப்பில் அந்த வார்த்தை வந்தது.

இராஜாங்கத்துக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். எட்டிப் பார்த்தவர் பின்வாங்கிக்கொண்டார். தோளில் கை வைத்து, "வேற சென்டர்ல பாக்கலாம் பாய்" என்றார். ஹபீபுக்குத் தெரியும், இப்போது வேறு சென்டர் கிடையாது. அந்தக் காலத்தில் பம்பாய்க்கு ரயிலேறலாம். இன்றைக்கு ஓரிடத்தில் விழுந்த வார்த்தை வளைகுடாவின் ஆறு நாட்டுக் கம்ப்யூட்டரிலும் விழுந்துவிடும். எத்தனையோ பேருக்கு இதை அவரே எடுத்துச் சொல்லியிருக்கிறார். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வெளியே வந்து, ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து, ஊர் பார்க்க இருமினார். கைக்குட்டையை மறைக்கவில்லை.

மறுநாள் திருவாரூர் அரசு ஆஸ்பத்திரியில் அப்பனும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருடைய சளியையும் எடுத்தார்கள், படமும் எடுத்தார்கள். ஹபீபின் சளியில் கிருமி மண்டிக் கிடந்தது. சுஹைபுக்கு வலப்பக்கம் ஒரு சின்ன நிழல், இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. காசநோய்ப் பிரிவில் அம்சவல்லி என்று ஓர் ஊழியர்; நாற்பது வயது, கனிவான பேச்சு. அட்டையில் பெயர் எழுதிக்கொண்டே தைரியம் சொன்னாள்.

"பயப்படாதீங்க தம்பி. ஆறு மாசம் மாத்திரை, ஒரு நாள் விடாம. பூரணமா குணமாயிரும். வாப்பாவுக்குத்தான் வயசு, சர்க்கரை, கொஞ்சம் இழுக்கும். நீங்க வயசுப் புள்ள. உங்க உடம்புல இருக்கிற அணுவெல்லாம் நல்ல பலமா இருக்கும். மாத்திரையும் அதுவும் சேந்து அப்படியே சுத்திக் கட்டிரும். அப்புறம் ஒரு தழும்பு மட்டும்தான் இருக்கும்."

சுஹைப் தலை நிமிர்ந்தான். "தழும்பு போகாதாக்கா?"

"அது இருந்துட்டுப் போவுது தம்பி. அதால ஒரு கெடுதலும் இல்ல. ஆறுனதுக்கு அடையாளம்தானே?"

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். ஹபீப் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அம்சவல்லி அதைக் கவனிக்கவில்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

"வீட்டுல முதல்ல இருமல் யாருக்கு? வாப்பாவுக்குத்தானே? எத்தனை நாளா?"

"ரெண்டு வாரம்" என்றார் ஹபீப். வாய் தானாகச் சொன்னது. மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய். அம்சவல்லி எழுதப் போனாள். சுஹைப் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவன் சும்மா பார்த்தான்.

"இல்லம்மா" என்றார் ஹபீப். "அஞ்சு மாசம். ரமலானுக்கு முன்னாடியே. ரத்தமும் வந்துச்சு. எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் இருந்தேன்."

அம்சவல்லி பேனாவை அட்டையிலிருந்து எடுத்துவிட்டாள். "அஞ்சு மாசமா? என்ன பாய் இது! அப்பவே வந்திருந்தா, மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்துல மத்தவங்களுக்குப் பரவுறது நின்னுருக்குமே. புள்ளைக்கு இது வந்தே இருக்காதே."

"இவன் போயிரட்டும்னுதாம்மா..." என்று தொடங்கினார். முடிக்க முடியவில்லை. மகன் பக்கம் திரும்பி, "உன் பயணம் கெட்டுரக் கூடாதேன்னுதான்டா சொல்லல. அல்லா மேல ஆணையா அதுக்குத்தான்டா" என்று அழுதார். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவிடுக்கில் பார்த்தார்கள்.

சுஹைப் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். பிறகு மெதுவாக, பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்:

"ஊருக்குச் சொல்ல வேணாம் வாப்பா. என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா, நான் மொட்டைமாடியில படுத்திருப்பேன்ல? அவ்வளவுதானே வாப்பா?"

அம்சவல்லி அன்றைய மாத்திரையை இரண்டு பேருக்கும் கையில் போட்டு, தண்ணீரை நீட்டி, தன் கண்முன்னாலேயே விழுங்கச் சொன்னாள். மகன் விழுங்கினான். வாப்பாவுக்கு அது தொண்டையில் இறங்கவே இல்லை.